சாய்வுக்கோடு

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும்போதுதான்
எனக்கு ஆட்கள் வருவார்கள்.
சரக்கு ரயில் முழுதாகக் கடக்கும்வரை
வண்டியை அணைத்துவிட்டு நிற்பவர்கள்
என் பலகையைப் படித்துத்தானே ஆகவேண்டும்:
ஜெராக்ஸ், லேமினேஷன், வெப்சைட்.

அப்படிச் சேர்ந்தவர்கள் ஏழு பேர்.
முதலில் டில்லிபாபு, கேரம் கிளப்.
பிறகு ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடும் தனசீலி,
காசிமேட்டு ஏல விலையை விடியலில் போடும் மஸ்தான் கனி,
டாக்டர் வித்யாவதியின் பிரசவ ஆஸ்பத்திரி,
பழைய கன்டெய்னர் விற்கும் ஒருவர், ஒரு டியூஷன் சென்டர்.
கடைசியாக, தண்ணீர் தேங்கிய ஒரு நவம்பரில், எட்டியப்பன்.
அவருக்கும் கேரம் கிளப்தான்.

ஏழு பெயர், ஏழு ரசீது.
ஹோஸ்டிங் கணக்கு ஒன்று.
வருஷத்துக்கு மூவாயிரத்து அறுநூறு நான் கட்டுகிறேன்.
ஆளுக்கு இரண்டாயிரம் வாங்குகிறேன்.
இதில் பொய் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசித் தேதி சொல்லும் பக்கமும்
ஐஸ்பெட்டிக்கு ராத்திரி ரேட் சொல்லும் பக்கமும்
ஒரே மெமரியில்தான் மூச்சு விடுகின்றன.
வஞ்சிரம் விலை பார்க்க நாலு மணிக்குக் கூட்டம் நெரிந்தால்
ஆஸ்பத்திரி திறக்க எட்டு நொடி.
"ஸ்லோவா இருக்கே" என்பார் டாக்டர்.
"நெட்டு மேடம்" என்பேன்.
அது பொய்.

நான் டொமைன்களைச் சேர்த்த விதத்தில் ஒரு குறை உண்டு.
முதல் பெயருக்குத்தான் வீடு,
மற்ற ஆறும் அதற்குள் அறைகள்.
தெருவிலிருந்து பார்த்தால் தனித்தனி வாசல்.
ஆனால் டில்லிபாபுவின் விலாசத்தை அடித்து
ஒரு சாய்வுக்கோடு போட்டு
இன்னொருவர் ஃபோல்டர் பெயரைத் தட்டினால்
நடுச்சுவரில் கதவு திறந்துகொள்ளும்.
யார் தட்டப்போகிறார்கள் என்று விட்டிருந்தேன்.

போனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார் டில்லிபாபு.
"இன்னாம்மா இது?
எட்டியப்பன் இன்னாத்துக்கு என் வூட்ல குந்திகினு கீறான்?"

பதினோரு வருஷம் டபுள்ஸ் ஆடியவர்கள்.
ஒரு ஃபைனலில் சிவப்புக்கு ஃபாலோ விழுந்ததா இல்லையா
என்பதில் கிளப் பிளந்தது.
பலகையைப் பிரித்தார்கள், பையன்களைப் பிரித்தார்கள்,
பவுடர் டப்பாவைக்கூட எண்ணிப் பிரித்தார்களாம்.

மறைக்காமல் சொன்னேன். காசைத் தவிர.
"அப்போ அவன்து படுத்தா என்னுதும் படுக்குமா?"
"சில சமயம்."
"என்னுது படுத்தா?"
"அவருதும்."
கேட் திறந்து ஹார்ன்கள் அலறின. அவர் நகரவில்லை.
"வேற எடம் மாத்தணும்னா?"
"இன்னும் மூவாயிரம் ஆகும் சார்."
வண்டியை உதைத்தபின் திரும்பினார்.
"அவனாண்ட சொல்லிக்கினு இருக்காத."

கதவை அடைக்க மூன்று வரி போதும்.
அன்றிரவே எழுதினேன்.
சேமிக்கும் முன், சும்மா, வருகைப் பதிவைத் திறந்தேன்.
பதினொன்று நாற்பது:
டில்லிபாபுவின் பெயர், சாய்வுக்கோடு, உள்ளே.
மறுநாள் பதினொன்று ஐம்பத்திரண்டு.
அதற்கு மறுநாளும்.
திறப்பது ஒரே பக்கம்,
எட்டியப்பனின் பையன்கள் அன்றன்று எடுத்த பாயிண்டு.

நேர் வாசல் இருக்கிறது, விலாசம் தண்டையார்பேட்டைக்கே தெரியும்.
அந்தப் பக்கம் அவர் போவதில்லை.
தன் வீட்டுக்குள்ளிருந்தே போய் வருகிறார்.

மூன்று வரியும் சேமிக்கப்படாமல் கிடக்கின்றன.
மார்ச்சில் ரெனியூவல்.
ஆறு பேர் கட்டிவிட்டார்கள்,
தனசீலி மட்டும் இன்னும் தரவில்லை.
சீசன் டல்லாம்.